அவுட்பாக்ஸில் பதினொன்று

அத்தியாயம் 17

திட்டி எழுதியும் ஒரு மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை என்றால் அவரை என்னதான் செய்வது? மூன்று வாரமாக இஞ்சுவின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது இந்தக் கேள்விதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து வாசகர்களுக்கு நினைவிருக்கும். "அண்ணன் உட்கார்றதுக்கு முன்னாடி சோபாவை அளப்பார்" என்று சொல்லி, சகலை எழுந்து நின்று, இல்லாத டேப்பை நீட்டி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அதில் இஞ்சுவின் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது தனி. மூச்சு வாங்க, கண்ணில் நீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை காபிக் கடையில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, ஒன்றரைப் பக்கத்துக்குச் சகலைக்கு ஒரு மெயில் எழுதினார் இஞ்சு. நேரில் பேசினால் அவருக்கு நாக்கு குழறும். எழுத்தில் குழறவில்லை. எழுதி முடித்து 'அனுப்பு' என்பதை அழுத்தியபோது ஒரு பெரிய அலமாரியைத் தூக்கி மாடியில் இறக்கி வைத்த நிம்மதி.

ரோஷமுள்ள மனிதராக இருந்தால் அன்று மாலையே சகலை வாசலில் வந்து நின்றிருக்க வேண்டும். வரவில்லை. போன வாரம் தெருவில் எதிர்ப்பட்டபோது, "என்னண்ணே, இளைச்சுட்டீங்க" என்று தோளில் கை போட்டார். படித்துவிட்டு ஒரு பொருட்டாகவே மதிக்காமல் சிரிக்கிறார் என்று இஞ்சுவுக்கு வயிறு எரிந்தது. அந்த மூன்று ஞாயிறும் அவர் சகலை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இஞ்சு என்பது பெயரல்ல. வீடு வீடாகப் போய் அளவெடுத்து, அலமாரி வரைந்து, பட்டறையில் பலகை அறுக்கக் கொடுத்து, கொண்டுபோய்ப் பொருத்துகிறவர் அவர். எதைப் பார்த்தாலும் எத்தனை இஞ்சு என்று கேட்பதால் மனைவி வழிச் சொந்தங்கள் வைத்த பட்டம் அது. மனைவி மூத்தவள். ஒரு பல் டாக்டரிடம் காலை வேளையில் வரவேற்பில் உட்கார்ந்து, வலியோடு கூப்பிடுகிறவர்களுக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கிறவள். அவளுக்கு ஒரே தங்கை, சின்னவள். சின்னவளின் கணவர்தான் நம் சகலை. இணைய இணைப்புக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. தேய்த்த சட்டை, மெல்லிய பை, எதற்கும் பதறாத குரல்.

அந்தக் குடும்பத்தில் எது கெட்டுப்போனாலும் "தம்பியைக் கேளுங்க" என்பதுதான் முதல் பேச்சு. மாமியார் வீட்டில் இஞ்சு தன் கையால் பொருத்திய அலமாரிக் கதவு இறுகிக்கொண்டது. அதற்கும் மாமியார் சகலையைத்தான் கூப்பிட்டார். அவரும் போய் ஒரு ஸ்க்ரூவைத் திருகிவிட்டு வந்தார். அன்று இரவு இஞ்சு சாப்பிடவில்லை.

இனி இன்றைய கதை. கண் டாக்டர் ஒருவர் வீட்டு மாடியில் இஞ்சு ஸ்டூலில் ஏறி நின்று ஜன்னலுக்கு மேல் அளந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நூலகத்திலிருந்து. பொறுப்பிலிருக்கிற அம்மாவே பேசினார்.

"சார், உங்களுக்கு இதுல விருப்பமில்லைன்னு எடுத்துக்கலாமா?"

"எதுலம்மா?"

"குழந்தைங்க வாசிப்பறைக்கு அலமாரி வரைபடம் கேட்டிருந்தோமே. மத்த மூணு பேரோடது வந்து ஒரு வாரமாச்சு. உங்களோடது மட்டும் வரலை. இன்னைக்கு நாலு மணிக்குக் குழு உட்காருது."

இஞ்சு ஸ்டூலிலிருந்து இறங்கினார். "அம்மா, நான் அனுப்பிப் பத்து நாளாச்சு."

"வரலையே சார்."

"அப்ப இப்பவே பென் டிரைவ்ல போட்டுக் கொண்டு வந்துடறேன்."

"மெயில்ல வந்தாத்தான் குழு எடுத்துக்கும். விதி அப்படி. நாலு மணிக்குள்ள பாருங்க. உங்களோடதைப் பார்க்கணும்னு எனக்கே ஆசை. அன்னைக்கு நீங்க முழங்காலால நடந்து அளந்தீங்களே, மத்தவங்க யாரும் அப்படிச் செய்யலை."

உண்மைதான். ஐந்து வயதுக் குழந்தையின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று பார்ப்பதற்காக அந்த அறை முழுக்க இஞ்சு முழங்காலிலேயே சுற்றி வந்தார். இருபது வருடமாக அடுத்தவர் சமையலறைக்குள் அடங்கிப்போகும் அலமாரிகளே செய்து வந்தவருக்கு, நூறு குழந்தைகள் தினமும் வந்து தொடப்போகிற ஒன்று முதல் தடவையாகக் கைக்கு எட்டியிருந்தது. இன்னொரு ஆசையும் உண்டு. அதை அவர் வெளியே சொன்னதில்லை. சகலையால் ஸ்க்ரூ திருக முடியாத ஓரிடத்தில் தன் வேலை நிற்க வேண்டும்.

மாடிப்படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். டாக்டர் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிப் போட்டதும் நான்கு மெயில்கள் விழுந்தன. உள்ளே வருவதெல்லாம் ஜோராக வந்தது. அனுப்பியவற்றில் நூலகத்து மெயிலைத் தேடினார். இல்லை. இடது ஓரத்தில் 'அவுட்பாக்ஸ்' என்றும் பக்கத்தில் பதினொன்று என்றும் இருந்தது. அந்த எண்ணை அவர் முன்பே பார்த்திருக்கிறார். வெளியே போனவற்றின் எண்ணிக்கை என்று நினைத்து, பரவாயில்லையே, நமக்கும் இத்தனை கடிதப் போக்குவரத்தா என்று பெருமைப்பட்டதுகூட உண்டு.

இப்போதுதான் அதைத் திறந்தார். பதினொன்றும் போகாத மெயில்கள். நூலகத்துக்கு எழுதியது மேலே இருந்தது. பட்டறைக்கு எழுதியவை, பழைய வாடிக்கையாளர்களுக்கு எழுதியவை. எல்லாவற்றுக்கும் கீழே, மூன்று வாரத்துத் தூசியோடு, சகலைக்கு எழுதியது.

இஞ்சுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வாரமாக, சண்டை நடக்கிறது என்றே தெரியாத ஒருவரோடு அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தோளில் விழுந்த கை வெறும் கைதான்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். யாராக இருந்தாலும் அந்த மெயிலை அப்போதே அழித்துவிட்டு மறுவேலை பார்த்திருப்பார்கள். நம் இஞ்சு அதைத் திறந்து படித்தார். படிக்கப் படிக்க, நன்றாகவே எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது. 'என் வீட்டில் எது உடைந்தாலும் ஒட்டுவதற்கு உங்களை யார் அழைத்தது' என்ற வரி நன்றாக இருந்தது. கடைசிப் பத்தியில் இருந்த வரியைப் படித்தபோது மட்டும் காது சூடேறியது.

'என் மனைவி உங்களோடு சிரிக்கிற சிரிப்பை இருபது வருடத்தில் ஒரு நாளும் என்னோடு சிரித்ததில்லை.'

விரல் அழிக்கிற பொத்தான் வரைக்கும் போயிற்று. பிறகு நின்றது. பொய்யென்றால் அழிக்கலாம், இதில் எது பொய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. பொறாமைக்கு இந்தக் குணம் உண்டு. தப்பிக்க வழி திறந்து கிடந்தாலும் வாசலில் நின்று நியாயம் பேசும். அனுப்புவதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யலாம், பொத்தான் என் கையில்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, நூலக வேலையைப் பார்த்தார்.

'அனுப்பு' என்பதை அழுத்தினார். வெளிச்செல்லும் சர்வர் ஏற்க மறுக்கிறது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. டாக்டர் வீட்டு வைஃபை சரியில்லை என்று தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தார். அதே சிவப்பு வரி. காபிக் கடைக்கு ஓடினார். அங்கேயும் அதே வரி. பக்கத்து மெத்தைக் கடைக்காரர் பழக்கம் என்பதால் அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று முயன்றார். ஊரில் உள்ள வைஃபை எல்லாம் சொல்லி வைத்த மாதிரி ஒரே பதிலைச் சொன்னது. உலாவியில் போய் நேராக மெயிலைத் திறக்கலாமே என்று மெத்தைக் கடைக்காரர் யோசனை சொன்னார். அதற்குப் பாஸ்வேர்டு தெரிய வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் அதை லேப்டாப்புக்குள் போட்டுச் சேமித்து வைத்ததே சகலைதான். இஞ்சுவுக்கு அதில் ஒரு எழுத்துகூட ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. மூத்தவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் கேட்டாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"நூலகத்துக்கு அனுப்பினது போகவே இல்ல. நாலு மணிக்குள்ள போகணும். எந்த வைஃபைல போட்டாலும் தள்ளி விடுது. உள்ளயே பதினொண்ணு கிடக்கு."

அவள் ஒரு செருப்போடு நின்றாள். "பதினொண்ணையும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ம்" என்றாள். அவ்வளவுதான். பிறகு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க மெயிலெல்லாம் சின்னவ வீட்ல இருந்துதான் போகுது."

"என்ன உளர்ற?"

"உளறலைங்க. நாள் கிழமை பாக்கறதுதானே என் வேலை. உங்களுக்கு யார் பதில் போட்டாலும் திங்கக்கிழமை போடறாங்க, இல்ல செவ்வாக்கிழமை போடறாங்க. ஒரு வியாழக்கிழமை வந்து நான் பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை நாம எங்க போவோம்? லேப்டாப்பை எங்க வச்சுத் திறப்பீங்க?"

இஞ்சு விரல் விட்டு நாள் எண்ணினார். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து யோசித்துத் திங்கட்கிழமை பதில் எழுதுகிற நிதானமான வாடிக்கையாளர்கள் தனக்கு அமைந்திருக்கிறார்கள் என்றுதான் அவர் இத்தனை நாள் நம்பியிருந்தார். எழுதியவையெல்லாம் வாரம் முழுக்கப் பெட்டியில் கிடந்து, ஞாயிறு மதியம் சகலை வீட்டு வைஃபையைக் கண்டதும் குதித்து ஓடியிருக்கின்றன. சலுகை விலையில் அதே இணைப்பை இந்த வீட்டுக்கும் வாங்கித் தருகிறேன் என்று சகலை சொன்னபோது, வேண்டாம் என்று வீம்புக்கு வேறு கம்பெனியைக் கொண்டுவந்தவரும் இவர்தான். இந்த மூன்று ஞாயிறும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகாமலிருந்தவரும் இவரேதான்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு எழுந்தார். "சரி. இப்பவே அங்க போய் அனுப்பிட்டு வந்துடறேன்."

"வேண்டாம்."

அவள் சொன்ன வேகத்தில் இஞ்சு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"லேப்டாப்பை அங்க எடுத்துட்டுப் போகாதீங்க. எதை மாத்தணும்னு நான் போன்ல தம்பியைக் கேட்டுச் சொல்றேன். இங்க இருந்தே போகட்டும்."

"ஏன், நான் அங்க போகக் கூடாதா?"

"நேரம் ஆகுதுங்க. கேக்கறேன், இருங்க."

இஞ்சுவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூன்று ஞாயிறு போகவில்லை என்றபோதும் இவள் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. சரி என்று உடனே தலையாட்டினாள். தங்கையைப் பார்க்காமல் ஒரு வாரம் இருக்கமாட்டாதவள், எதற்காக அப்படித் தலையாட்டினாள்? இப்போது என்ன தனியாகப் பேச்சு?

சகலை ஏதோ கூட்டத்தில் இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். மூத்தவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் முன்னும் பின்னும் நடந்தாள். இஞ்சு லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மட்டும் அவள் பக்கம் வைத்திருந்தார்.

"ம்... சொல்லுங்க தம்பி... அது எங்க இருக்கும்? சரி... சரி... அப்படியா?"

சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை, உதடு கால் இஞ்சு விரிந்தது. இஞ்சு அளந்துவிட்டார். அப்படி என்ன சொல்லியிருப்பார்? சர்வரில் சிரிக்க என்ன இருக்கிறது? பல் டாக்டரின் நேரச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு அவள் குறித்துக்கொண்டே வந்தாள். அவள் எழுதுகிற அக்கறையைப் பார்த்தாலும் எரிந்தது. இவர் கடைக்குச் சொல்லி அனுப்பும் சாமான் பட்டியலை அவள் ஒரு நாளும் இவ்வளவு அழகாக எழுதியதில்லை.

பேசி முடித்துவிட்டு வந்தாள். "வெளியே அனுப்பறதுக்குத் தனியா ஒரு சர்வராம். அன்னைக்கு அவசரத்துல அவர் கம்பெனியோடதைப் போட்டுட்டாராம். அது அவங்க லைன்ல இருந்து வர்றதை மட்டும்தான் வாங்குமாம். வேற எந்த வைஃபைல இருந்து போனாலும் யாரோ வெளியாள்னு நிறுத்திடுமாம். தப்பு என்னோடதுதான், அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்கன்னார்."

தப்பை ஒத்துக்கொள்வதில்கூட அந்த ஆள் முந்திக்கொண்டார் என்று இஞ்சு பல்லைக் கடித்தார்.

அவள் சீட்டைப் பார்த்துப் படிக்க, இஞ்சு ஒவ்வொன்றாகச் செய்தார். கணக்கு அமைப்பு என்ற இடத்தைத் திறக்க வேண்டும். வெளிச்செல்லும் சர்வர் என்ற இடத்தில் இருக்கிற பெயரை எடுத்துவிட்டு, இஞ்சுவின் மெயில் எந்தக் கம்பெனியில் இருக்கிறதோ அந்தக் கம்பெனியின் பெயரைப் போட வேண்டும். அனுப்புவதற்கும் பாஸ்வேர்டு தேவை என்ற கட்டத்தில் ஒரு டிக். உள்ளே வருவதற்கான அதே பாஸ்வேர்டையே பயன்படுத்து என்பதில் இன்னொரு டிக். அப்படிச் செய்துவிட்டால் எந்த வீட்டு வைஃபை என்ற பேதமே இல்லை. நீங்கள் யாரென்று பாஸ்வேர்டு சொல்லிவிடும்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நம்பர் மாத்தணும். அதை ஒரு நிமிஷம் கழிச்சுச் சொல்றேன்." சீட்டை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "பாலை அடுப்புல வச்சுட்டு வந்திருக்கேன்."

உள்ளே போய்விட்டாள். மணி மூன்று இருபத்தெட்டு. அங்கே சகலையிடம் கேட்டு வாங்கிய நம்பரை இங்கே கணவனிடம் சொல்ல ஒரு நிமிடம் கழிய வேண்டுமாம். அப்படியென்ன ரகசியம் என்று, சர்வர் பெயருக்குப் பக்கத்தில் நம்பருக்கென்று இருந்த பெட்டியை இஞ்சு கிளிக் செய்தார். இருபத்தைந்து என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அம்பு. அழுத்தினால் மொத்தமே மூன்று எண்கள் கீழே இறங்கின. இருபத்தைந்து போக மீதி இரண்டு. இந்த ஒன்றையாவது அந்த ஆளைக் கேட்காமல் நானே போடுகிறேன் என்று ஒரு ரோஷம் வந்தது. நடுவில் இருந்ததைப் போட்டுப் பார்த்தார், சிவப்பு வரி வந்தது. கடைசியில் இருந்த ஐந்நூற்று எண்பத்தேழைப் போட்டு 'சரி' என்பதை அழுத்தினார். சிவப்பு வரி வரவில்லை. பெட்டி சாதுவாக மூடிக்கொண்டது.

மூன்று வாரத்தில் முதல் முறையாக இஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூத்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த தோரணையே வேறாக இருந்தது.

"நம்பர் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"தம்பிக்கு எழுதின அந்த லெட்டரை எடுத்துட்டீங்களா?"

இஞ்சுவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "எந்த..."

"நான் படிச்சுட்டேங்க. நீங்க எழுதின மறுநாள், மின்சார பில் கட்டலாம்னு லேப்டாப்பைத் திறந்தேன். அவுட்பாக்ஸ்ல ஒண்ணு போகாம நின்னுச்சு, திறந்தா அதுதான்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒன்றரைப் பக்கத்துல மத்ததெல்லாம் போகட்டும். என் சிரிப்பைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதை என் தங்கச்சி புருஷன் படிச்சா நான் எந்த முகத்தோட அந்த வீட்டுக்குள்ள போறது? யோசிச்சீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அதனாலதான் ஞாயித்துக்கிழமை போகலைன்னு நீங்க சொன்னப்போ சரின்னேன். சின்னவ கூப்பிட்டப்போகூடத் தலைவலின்னு பொய் சொன்னேன். அந்த லேப்டாப் அவங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னு காவல் காத்துட்டிருக்கேன். நூலகத்துதும் உள்ள மாட்டிட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன்."

"அழிச்சிருக்கலாமே நீ."

"நான் ஏன் அழிக்கணும்?" என்றாள். "எழுதினவர் நீங்க. அன்னைக்கு நான் சிரிச்சது அவரைப் பாத்தா? இருபது வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்து சோபாவை அளக்கிற மனுஷனை நினைச்சு சிரிச்சேன். அவர் நடிச்சது உங்களை. அது அப்படியே நீங்களாவே இருந்துச்சு. இதைக்கூட என்கிட்ட கேக்காம அவருக்கு எழுதுவீங்களா?"

இஞ்சுவுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் போலிருந்தது. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். "இரு, இப்பவே அழிச்சுடறேன். உன் கண்ணு முன்னாடியே."

அவுட்பாக்ஸில் பதினொன்று இல்லை. எட்டு இருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு ஆயிற்று. அவர் எதையும் அழுத்தவில்லை. வழி திறந்ததும் அது தன்பாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. யாராவது அழுத்த வேண்டும் என்று அது காத்திருக்கவில்லை. பட்டியலைக் கீழே இழுத்தார். கீழே சகலையின் பெயர் இல்லை. முதலில் எழுதியது முதலில் போயிருந்தது.

"என்னங்க?"

"நம்பரை நானே போட்டுட்டேன்" என்றார் இஞ்சு. குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் மடித்த சீட்டை மேஜைமேல் வைத்தாள். திட்டவில்லை. ஆறு, ஐந்து என்று எண் இறங்கிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றது. அது நூலகத்து மெயில். பதினாறு படங்கள், கனம் அதிகம். பச்சைக் கோடு ஒன்று நத்தை மாதிரி நகர்ந்தது. வைஃபையைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. பிடுங்கினால் நிற்கப்போவது நூலகத்து மெயில்தான். போகக் கூடாதது போய்விட்டது. இரண்டு பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அது போயிற்று. மூன்று ஐம்பத்தைந்துக்கு நூலகத்து அம்மாவிடமிருந்து பதில் வந்தது. கிடைத்தது, குழுவுக்கு வைக்கிறேன், அடித் தட்டின் உயரம் மிகச் சரி என்று எழுதியிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் இஞ்சு அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பார்.

மேஜைமேல் மூத்தவளின் போன் அடித்தது. சகலை. அவள் ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கணவர் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணி, போயிடுச்சா? எனக்கே ஒண்ணு வந்திருக்கு, அண்ணன்கிட்ட இருந்து. டெஸ்ட் மெயிலா?"

இஞ்சு போன் பக்கம் குனிந்தார்.

"தேதி மூணு வாரத்துக்கு முந்தி காட்டுது. 'நேராகவே சொல்லிவிடுகிறேன்'னு தலைப்புப் போட்டிருக்கு. திறக்கலை, கேட்டுட்டுத் திறக்கலாம்னு இருந்தேன்."

ஆமாம், டெஸ்ட்தான் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். இஞ்சு மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டெஸ்ட் இல்ல தம்பி" என்றார். "உங்களுக்கு எழுதினதுதான். கோபத்துல எழுதினது. படிக்க வேண்டாம்."

பதறாத அந்தக் குரல் வந்தபோது சற்றுத் தாழ்ந்திருந்தது.

"சரிண்ணே. படிக்கலை. அழிச்சுடறேன்."

"தம்பி..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணே. நூலகத்துது போச்சில்ல, அது போதும். இது எனக்கும் வீட்டுக்காரிக்கும் பொதுவான மெயில். அவ பாக்கறதுக்குள்ள எடுத்துடறேன். வச்சுடட்டுமா?"

வைத்துவிட்டார்.

மூத்தவள் மூச்சை விட்டாள். "படிக்கமாட்டார்" என்றாள். "சொன்னா சொன்னதுதான்."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த நிச்சயம் இஞ்சுவின் உள்ளே எங்கேயோ போய்த் தைத்தது. தோற்றுப்போய், மன்னிப்பும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்திலும் அது தைத்ததே என்று அவருக்கு அவர்மேலேயே வெறுப்பாக இருந்தது. இருந்தும் கேட்டுவிட்டார்.

"என்னைப் பத்தி யார்கிட்டயாவது நீ இப்படிச் சொல்லியிருக்கியா?"

அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

"சொல்லணும்னுதாங்க அதை நான் அழிக்காம விட்டு வச்சேன். இவர் கோபத்துல எழுதுவார், ஆனா தானே எடுத்துடுவார்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மூணு வாரம் சொல்லிக்கிட்டேன்."

அதற்குமேல் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. திரையில் சின்னவளின் பெயர். கல்யாணமான நாளிலிருந்து எதுவானாலும் அவள் அக்காவின் போனுக்குத்தான் கூப்பிடுவாள்.

எடுத்தார்.

"அத்தான்" என்றாள் சின்னவள். மூச்சு வாங்கியது, ஓடி வந்தவள் போல. "பக்கத்துல அக்கா இருந்தா அவகிட்ட கொடுக்காதீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அக்கா என் வீட்டுக்காரரோட எப்படிச் சிரிச்சா?"